யாரும் குடியில்லாத பக்கம்

சித்தன் தன் ஆயுசில் ஏற்காட்டு மலையை விட்டுக் கீழே இறங்கியது நான்கே நான்கு தடவை. நான்கும் சேலம் பெரியாஸ்பத்திரிக்குத்தான், அதுவும் அடுத்தவர்களுக்குத் துணையாக. அப்பேர்ப்பட்டவன் நூற்றுப் பதினாறு பக்கத்துக்கு ஒரு பயணப் புத்தகம் போட்டான் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் போகட்டும். காசி வரை போய் வந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பஸ்ஸில் தூங்கினேன், லாட்ஜில் மூட்டைப்பூச்சி கடித்தது என்பதற்கு மேல் அவர்களிடமிருந்து நாம் என்ன தெரிந்துகொண்டோம்?

மஞ்சக்குட்டையில் பிறந்தவன் அவன். 1969இல் பாக்சைட் தோண்டுகிற கம்பெனி ஒன்றில் சங்கிலி பிடிக்கிற ஆளாகச் சேர்ந்தான். நிலம் அளக்கும்போது சங்கிலியின் ஒரு முனையை இழுத்துக்கொண்டு புதரிலும் பாறையிலும் ஏறி இறங்குகிற வேலை. மூன்று வருஷம் கழித்து, இவன் கை நடுங்காது என்பதைக் கவனித்த ஓர் இன்ஜினியர் அவனை ஆபீஸுக்குள் கூப்பிட்டு ட்ரேசர் மேஜையில் உட்கார வைத்தார். பென்சிலில் போட்ட வரைபடத்தின் மேல் அடியில் இருப்பது தெரிகிற மாதிரியான மெல்லிய துணியை விரித்து, தெரிகிற கோட்டின் மேலேயே மசிக் கோடு இழுக்க வேண்டும். யோசிக்கக் கூடாது, கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. மசி தப்பிவிட்டால் பாதி பிளேடால் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மறுபடி இழுக்கலாம். சித்தன் பிளேடை எடுப்பதே அபூர்வம்.

1974இல் ஒருநாள் அவன் மேஜைக்கு வேறு மாதிரிப் படம் ஒன்று வந்தது. மண் அள்ளும் இயந்திரத்தின் படம். அதுவரை அவன் பார்த்ததெல்லாம் நேர் மேலிருந்து பார்த்த படம், இல்லாவிட்டால் நேர் எதிரில் நின்று பார்த்த படம். இதிலோ இயந்திரத்தின் தலையும் இரண்டு பக்கங்களும் ஒரே சமயத்தில் தெரிந்தன. ஐசோமெட்ரிக் என்றார்கள். கோடுகளெல்லாம் ஒன்று செங்குத்து, இல்லை முப்பது டிகிரி சாய்வு. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே அளவு. தள்ளி இருக்கிறது என்பதற்காக எதையும் சிறிசாக்குவதில்லை. சித்தனுக்கு அந்த நியாயம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. எல்லாவற்றுக்கும் தள்ளியே இருந்து பழகியவன் அல்லவா.

அந்த வாரமே ஏற்காடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சையத் இப்ராஹிமின் நோட்டுக் கடையில் கெட்டிக் காகிதமும் இந்தியன் இங்க்கும் வாங்கி வந்து புத்தகத்தை ஆரம்பித்தான். சேர்வராயன் கோயில் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று மலையில் எல்லோரும் சொல்வார்கள். ஒருத்தரும் போய்ப் பார்த்தது கிடையாது. சித்தன் போனான், காகிதத்தில். குகைக்குள் குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தால் அங்கேயும் இதே சேர்வராயன் மலை. ஆனால் அங்கே நடப்பது எல்லாம் வேறு. நதி காலையில் மலை ஏறும், சாயங்காலம் களைத்துப்போய் இறங்கி வரும். மேகங்களை முளைக்குச்சியில் கட்டிப்போட்டுப் பால் கறப்பார்கள். பஸ்ஸுக்குச் சக்கரம் கிடையாது, பன்னிரண்டு கால்கள். கொண்டை ஊசி வளைவில் அது மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால் பிரயாணிகள் இறங்கி முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டும். ஓர் ஆரஞ்சுப் பழத்துக்குள் சுளைக்கு ஒரு குடித்தனமாகப் பத்துக் குடும்பங்கள் இருந்தன. அந்தப் பழத்தைக் குறுக்கே வெட்டி, அடுப்பு, அம்மி, தொட்டில், பொதுச்சுவர்த் தகராறு வரைக்கும் சாய்கோட்டில் வரைந்திருந்தான். ஓரத்தில் பிரயாணிகளுக்குக் குறிப்பும் உண்டு: 'ஈரம் அதிகம். தங்குவோர் போர்வை கொண்டு வரவும்.'

"ஏப்பா சித்தா, இந்த நாட்டுக்கு டிக்கெட்டு எங்க குடுக்கறாங்க?" என்று இப்ராஹிம் கேட்பார். புதுப் பக்கம் முடிந்ததும் முதலில் பார்ப்பவர் அவர்தான்.

"உங்க கடையிலதான் பாய். ஒரு நிப்பு, ஒரு இங்க் பாட்டில்."

அந்தப் புத்தகத்தில் ஒரு விசேஷம். புளுகெல்லாம் மேலேதான், அடியில் கிடக்கும் தரை சுத்த நிஜம். சங்கிலி பிடித்தவன் பாருங்கள், பாறை எங்கே, சுனை எங்கே, சரிவு எத்தனை என்று காலுக்குத் தெரியும். தெரியாத இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நாடாவோடு போய் அளந்து வருவான். கற்பனை நாட்டுக்கு எதற்கடா இத்தனை அளவு என்று கேட்டால் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்வான். ஆபீஸ் பழக்கத்தில் ஒவ்வொரு பக்கத்தின் வலது மூலையிலும் அளவுகோல், தேதி, தன் பெயரின் முதலெழுத்து மூன்றையும் போட்டுவிடுவான்.

1978 ஆவணியில் நெல்லிக்கரடுப் பக்கத்துக்கு வந்தான். மஞ்சக்குட்டைக்குக் கீழே சரிவில் ஆறே வீடுகள் உள்ள இடம் அது. அதில் ஒன்று அவனுடைய அக்கா மாதம்மாளின் வீடு. தாய் போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் அவள்தான். அவள் புருஷன் ஐயாக்கண்ணு சாமையும் கேழ்வரகும் போடுவார், கொஞ்சம் காப்பிச் செடியும் வைத்திருந்தார். சுனைக்கு இறங்கப் பாறையில் பதினெட்டுப் படி வெட்டியதும் அவர்தான். சித்தன் நாடாவோடு போய் ஆறு வீடுகளையும் அளந்தான். மாதம்மாள் அன்றைக்கு ஏற்காட்டுச் சந்தைக்குப் போயிருந்தாள்.

அடுத்த வாரம் ஐயாக்கண்ணுவுக்குக் காய்ச்சல் கண்டது. நாலு நாளாகியும் இறங்கவில்லை. மாதம்மாள் அவன் தங்கியிருந்த கம்பெனி குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள்.

"என்ற ஊட்ட அளந்தயா சாமி?"

"ஆமாக்கா. பொஸ்தகத்துக்கு."

"உசுரோட இருக்கறவங்களையும் அவங்க குடியிருக்கற ஊட்டையும் அளக்கலாமா? குழி வெட்டத்தான அளப்பாங்க? உனக்கு நாஞ் சொல்லித் தரலையா கண்ணு?"

அந்தச் சரிவில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஆள் செத்தால்தான் கயிறு பிடித்து அளப்பார்கள். வீட்டை அளப்பது என்றால் பிரிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சித்தனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நம்பிக்கை இல்லை என்று சொல்கிற தைரியமும் இல்லை. பக்கத்தை எடுத்து விரித்தான், பாதி பிளேடை எடுத்தான். மேகமாடுகள் மேயும் சரிவில் ஆறு வீடுகளும் கூரையும் இரண்டு சுவர்களுமாக நின்றுகொண்டிருந்தன. அவன் வரைந்ததிலேயே அவனுக்குப் பிடித்த பக்கம் அது. அக்காவின் வீட்டை முதலில் சுரண்டினான்.

"இன்னும் தெரியுது சாமி. இன்னுங் கொஞ்சம் சொரண்டு."

சுரண்டினான். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஆறு வீடுகளையும் சுரண்ட வைத்தாள். அண்டை வீட்டுக்காரர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள்? காகிதம் வெங்காயத் தோலாகிவிட்டது. பலாமரம், சுனை, பதினெட்டுப் படி எல்லாம் அப்படியே இருக்க, நடுவில் வெள்ளையாக ஓரிடம். அது கண்ணை உறுத்தியதால் அவள் போன பிறகு சித்தன் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினான்: 'இவ்விடத்தில் யாரும் குடியில்லை. நிழலும் நீரும் உண்டு. கட்டுச்சோறு அவிழ்க்க நல்ல இடம்.' வழக்கம்போல மூலையில் தேதியும் போட்டான். இரண்டு நாளில் ஐயாக்கண்ணுவின் காய்ச்சல் இறங்கியது. அதன் பிறகு மாதம்மாளிடம் யார் என்ன வாதாட முடியும்!

புத்தகம் தடித்துக்கொண்டே போயிற்று. இப்ராஹிம் பச்சைத் துணி போட்டு பைண்டு செய்து கொடுத்தார். குவார்ட்டர்ஸ் சுவரில் மழைக்காலம் முழுக்க ஈரம் ஊறும் என்பதால் சித்தன் அதை அக்கா வீட்டில் வைத்திருந்தான், அடுப்புக்கு மேலே பரணில், கேழ்வரகுப் பானைக்குப் பக்கத்தில். புகை பட்டுப் பூச்சியும் அண்டாது. மாதம்மாளுக்கு எழுத்து தெரியாது. படம் தெரியும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கையைக் கழுவச் சொல்லி எடுத்துக் காட்டுவாள். "இது எங்க சுனை. இது என்ற ஊட்டுக்காரரு வெட்டுன படி. எண்ணிப் பாருங்க, பதினெட்டு இருக்கும்." எண்ணினால் பதினெட்டு இருக்கும்.

1986இல் சுரங்கத்தை நெல்லிக்கரடுப் பக்கம் நீட்டப் போகிறார்கள் என்ற செய்தி ஆபீஸுக்கு வந்தது. சித்தன் மேஜைக்கே வந்தது, பென்சில் வரைபடமாக. அவன் அதைத் துணி போட்டு மூடிவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு மசியைத் திறந்து வேலையை முடித்தான். வேறு என்ன செய்வான்? அவன் இழுக்காவிட்டால் அடுத்த மேஜைக்காரன் இழுப்பான். அன்றைக்குச் சாயங்காலம் அக்காவிடம் ஓடிப் போய்ச் சொன்னதுதான் அவனால் முடிந்தது.

விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கெட்டவர் என்று சொல்வதற்கில்லை. எல்லோரையும் உட்காரச் சொன்னார், ஒவ்வொருவரையும் பேசவிட்டார். கேள்வி ஒன்றே ஒன்றுதான். 1980க்கு முன்னாலேயே குடியிருந்தவர்களுக்கு மாற்று நிலமும் வீட்டு மனையும் உண்டு. அதற்குப் பிறகு வந்து குடிசை போட்டவர்களுக்கு ஒன்றும் கிடையாது, இடத்தைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஆறு வீட்டாரும் மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிறவர்கள். ஆனால் பட்டா இல்லை. ரேஷன் கார்டில் மஞ்சக்குட்டை என்று மட்டும் இருந்தது. நெல்லிக்கரடு என்கிற பெயரே அரசாங்கக் காகிதம் எதிலும் இல்லை.

கம்பெனி ஆபீஸ் ஹாலில்தான் விசாரணை நடந்தது. வரைபடங்களை எடுத்துக் கொடுப்பதற்காக மேனேஜர் சித்தனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். "எண்பதுக்கு முன்னால நீங்க அங்க இருந்தீங்கன்னு காட்ட ஏதாச்சும் இருக்கா? ஒரு துண்டுக் காகிதம் போதும்" என்றார் அதிகாரி. அண்டை வீட்டு அம்மாசி தலையைச் சொறிந்தான். ஐயாக்கண்ணு தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"இருக்குதுங்க" என்றாள் மாதம்மாள்.

அவள் மடியிலிருந்த மஞ்சள் துணி மூட்டை அப்போதுதான் சித்தன் கண்ணில் பட்டது. அக்கா வேண்டாம், பிரிக்காதே என்று கத்த வேண்டும்போல இருந்தது. கம்பெனிச் சம்பளக்காரன், மேனேஜரின் முழங்கைக்குப் பக்கத்தில் நிற்கிறவன், எந்த வாயால் கத்துவான்?

மாதம்மாள் புத்தகத்தை அதிகாரியின் முன்னால் வைத்து, படம் பார்த்தே பழகிய விரலால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "எழுவத்தெட்டுல வரைஞ்சதுங்க. எங்க ஊட்டுக்காரரு காச்சல்ல கெடந்த வருசம். தேதி போட்டிருக்கும், பாருங்க. இதுதானுங்க எங்க சுனை. இது பலாமரம். இது அவரு வெட்டுன படிங்க."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார். முதலில் சிரித்தார், முளைக்குச்சியில் கட்டிய மேகங்களைப் பார்த்து. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கம்பெனி வரைபடத்தைப் பக்கத்தில் விரிக்கச் சொன்னார். சித்தன்தான் விரித்தான். அவர் அடிக்கோலை எடுத்து, மூலையில் போட்டிருந்த அளவுகோலைப் பார்த்து, பாறையிலிருந்து சுனைக்கு, சுனையிலிருந்து பலாமரத்துக்கு என்று அளந்தார். இதிலும் அதிலும் ஒரே தூரம்.

"யார் வரைஞ்சது?"

"என்ற தம்பிங்க. இதோ நிக்கறானே, இவன்தான்" என்றாள் மாதம்மாள். அவள் முகத்தில் இருந்த பெருமையைச் சித்தன் சாகும் வரை மறக்க மாட்டான்.

"ரொம்பத் துல்லியமா இருக்கு. அஞ்சு அடிகூடத் தப்பலை. ஆனா வீட்டைக் காணோமே அம்மா" என்றார் அதிகாரி. பிறகு ஓரத்துக் குறிப்பை உரக்கப் படித்தார். "இவ்விடத்தில் யாரும் குடியில்லை."

மாதம்மாளுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது சித்தனுக்கு வாய் திறந்தது. "சார், அது கதைப் பொஸ்தகங்க. எல்லாம் நானாக் கட்டுனது. ஆறு மலையேறுமாங்க? பஸ்ஸுக்குக் கால் இருக்குமாங்க? நெசம்னு எடுத்துக்காதீங்க சார்."

"கதைன்னா எதுக்குச் சாட்சியாக் கொண்டு வந்தாங்க?"

"அதுல வீடு இருந்துதுங்க. ஆறு வீடும் வரைஞ்சிருந்தேன். நாந்தான் சொரண்டிட்டேன்."

அதிகாரி பக்கத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் காகிதம் மெலிந்து வெளிச்சம் ஊடுருவியது. "ஏன் சுரண்டினே?"

சித்தன் மேனேஜரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "குடியிருக்கற ஊட்ட அளந்தா ஆவாதுன்னு அக்கா சொல்லுச்சுங்க. மாமனுக்குக் காச்சலுங்க."

பின்னால் யாரோ இருவர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "சுரண்டியிருக்குன்னு தெரியுதுப்பா. என்ன இருந்துச்சுன்னு தெரியலையே. நான் என்னன்னு எழுதட்டும்?" என்றார். நிஜமாகவே கேட்பதுபோலத்தான் கேட்டார்.

அந்தப் புத்தகம் வராமலே இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், பெரிய கம்பெனிக்கு முன்னால் ஆறு குடிசை எம்மாத்திரம் என்று இப்ராஹிம் பிற்பாடு எத்தனையோ தடவை சொன்னார். இருக்கலாம். ஆனால் மாற்று நிலம் கிடையாது என்று வந்த உத்தரவில் ஒரு வரி இருந்தது. 1978இல் உறவினர் ஒருவரே தயாரித்த படத்தின்படி மேற்படி இடம் குடியிருப்பு அற்றது என்று. சித்தனுக்கு அந்த வரி மனப்பாடம். கூடவே இறுதி வரைபடமும் அவன் மேஜைக்கு வந்தது. பாறை, சுனை, பலாமரம், நடுவில் வெற்றிடம். அவனுடைய பக்கத்தையே யாரோ பிரதி எடுத்ததுபோல இருந்தது. மேலே துணியை விரித்து, கூட்டாமல் குறைக்காமல் இழுத்துக் கொடுத்தான்.

1987 தை மாதம் ஆறு வீடுகளையும் பிரித்தார்கள். பிரிப்பதற்கு முன்னால் ஒருவன் நாடா வைத்து அளந்தான். மாதம்மாளும் ஐயாக்கண்ணுவும் வெள்ளக்கடைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கூலிக்காரர் லைன் வீட்டு ஒற்றை அறைக்குப் போனார்கள். சொந்தக் காட்டில் சாமை விதைத்தவர் இன்னொருத்தர் காப்பிச் செடிக்குக் கிளை கழித்துக் கவாத்து வெட்டினார். சித்தன் வாரம் தவறாமல் போய்ப் பார்த்தான். அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு தடவை அவனே ஆரம்பித்தான். "அந்தக் குறிப்பை நான் எழுதியிருக்கக் கூடாதுக்கா." அவள், "சொரண்டச் சொன்னது நான்தான சாமி" என்று சொல்லிவிட்டுக் காப்பித் தண்ணி வைக்கப் போனாள்.

அவன் படம் போடுவதை நிறுத்தியிருந்தான். இப்ராஹிம் நிப்பு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நூற்றுப் பதினாறாம் பக்கத்தில் பயணி இன்னும் காவிரிக்கு வந்து சேரவில்லை. மேகம் கறக்கும் ஒரு கிழவியிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதம்மாள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். வெளியே மூடுபனி. மேஜையைத் தன் முந்தானையால் துடைத்து, புத்தகத்தை வைத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பினாள்.

"இனிமே வரைஞ்சிரு கண்ணு. இப்ப அங்க யாரு இருக்கறா? இனி அளந்தா என்ன, வரைஞ்சா என்ன?"

சித்தனுக்கு அளவு எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. பதினாறு அடிக்குப் பத்து, வாசல் கிழக்கே, திண்ணை இரண்டடி. நகத்தால் அந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கப் பார்த்தான். தேய்க்க அங்கே காகிதமே இல்லை, வெறும் நார்தான் இருந்தது. தொழில் தெரிந்தவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துபோயிற்று. சுரண்டிச் சுரண்டி மெலிந்த இடத்தில் மசி நிற்காது. சொல்லத்தான் நினைத்தான். அக்கா அவன் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, எப்போதும்போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

செட் ஸ்கொயரை வைத்துக் கூரையின் முதல் கோட்டை இழுத்தான். கை நடுங்கவில்லை. கோடு ஒரு கணம் கோடாக இருந்தது. பிறகு இரண்டு பக்கமும் ஊறியது. இரண்டாவது கோடு முதல் கோட்டோடு போய்ச் சேர்ந்தது. சுவரை இழுத்தான், வாசலை இழுத்தான். கறுப்பு விரிந்து பலாமரத்தின் வேரைத் தொட்டது, படிகளில் மேலேயிருந்து மூன்றை மூடிக்கொண்டது.

"ஊடு தெரியலையே சாமி" என்றாள் மாதம்மாள்.

சித்தன் பேனாவைக் கீழே வைத்தான். அவனுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான்.

"காயட்டும்" என்று அவளே சொன்னாள். "காஞ்சா தெரியும்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். காய்ந்தாலும் தெரியாது என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் இங்க் பாட்டிலை மூடி ஓரமாக வைத்தான். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, காயட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.